சுண்ணாம்பு வயிற்றுப் புழு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. மரத்தையும் புழுவையும் பற்றி அதைப் படித்தவர்கள் எழுதுவதுதான் முறை. என் மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். அவளையே எழுதச் சொன்னேன். "நான் எழுதினா பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கும்மா. பக்கத்துல உக்காந்து பாத்தது நீதானே" என்றாள். அதனால் எழுதுகிறேன். புழுவைப் பற்றிச் சொல்வதில் தப்பிருந்தால் அது நான் புரிந்துகொண்டதில் உள்ள தப்பு.

எங்கள் வீடு ஆம்பூருக்கு வெளியே, பேரணாம்பட்டு சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. செங்கல் சுவர், மேலே சிமென்ட் ஷீட். மாசி பிறந்துவிட்டால் பகலில் உள்ளே உட்கார முடியாது. ஃபேனைப் போட்டால் சூடுதான் சுற்றிச் சுற்றி வரும். வாசலில் மதில் சுவரை ஒட்டி ஒரு நாவல் மரம். அதை யாரும் நடவில்லை. யாரோ துப்பிய கொட்டை, குழாயடித் தண்ணீர் வழியும் இடத்தில் முளைத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் குடித்து வளர்ந்தது. ஷீட்டுக்கு மேல் தலை காட்டும்போதுதான் அது எங்களுக்கு வேண்டிய மரம் என்று தெரிந்தது.

அதன் கீழேதான் நாங்கள் ஷூ தைக்கிறோம். முழு ஷூ இல்லை, அப்பர் மட்டும். காலுக்கு மேலே வரும் தோல் பாகத்தை அப்படித்தான் சொல்வார்கள். விரல்களை மூடும் துண்டையும் பக்கத்துத் துண்டையும் கையால் சேர்க்க வேண்டும். ஓட்டை போட்டே வரும். இரண்டு ஊசி, மெழுகு நூல், விரலில் சைக்கிள் ட்யூபில் வெட்டிய வளையம். ஷூ கம்பெனி ஏஜென்ட் காலையில் மொபெட்டில் மூட்டையை இறக்குவார், சாயந்திரம் வந்து எடுத்துப்போவார். பெரும்பாலும் கறுப்புத் தோல். கறுப்புத் தோலில் ஓட்டை தெரிய வேண்டுமென்றால் நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் வெயில் படக் கூடாது. பட்டால் தோல் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும். மர நிழல் அதற்குச் சரியாக இருந்தது.

மூன்று பேர் உட்காருவோம். நான், எதிர்வீட்டு முஸ்லிம் பெண், தெருக்கோடியிலிருந்து வரும் ஒரு வயதான அம்மா. அந்த அம்மாவை நாங்கள் பெரியம்மா என்போம், உறவு ஒன்றும் இல்லை. நான் கூச்ச சுபாவம். இன்னொருவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து பேச எனக்கு வராது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்விடுவேன். ஆனால் இந்த மரம் இருந்ததால் அவர்கள் இருவரும் என்னிடம் வந்தார்கள். மூட்டையும் என்னிடம் வந்தது. நான் யாரிடமும் போக வேண்டியிருக்கவில்லை. மரம் போனால் இதெல்லாம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். வேலையைவிட அதுதான் எனக்குப் பெரிய பயம்.

கார்த்திகை மழை விட்ட ஒரு நாள் எதிர்வீட்டுக்காரிதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, மரத்துக்கு யாரு மருதாணி வெச்சது?"

அடிமரத்தில், கிளை பிரியும் இடத்துக்குக் கீழே, பட்டை பட்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. பழுப்பு நிறம். இரண்டு விரல் அகலத்தில் கோணல்மாணலாக ஓடியது.

"கரையான்டி" என்றார் பெரியம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கரையான்னா மண்ணு இருக்கும் பெரியம்மா. இது தொட்டா நூலு நூலா வருது."

நான் துடைப்பக்குச்சியால் தள்ளிப் பார்த்தேன். மண் இல்லை. மரத்தூளும் புழுக்கையும் கலந்து, எச்சில் நூலால் பின்னிய ஒரு கூரை. அதற்கடியில் பட்டை மேலாகக் கடிக்கப்பட்டுச் சிவப்பாக இருந்தது. கிளை பிரியும் இடத்தில் பேனா நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. புழுவைக் காணோம். பகலில் அது ஓட்டைக்குள் இருக்கும், இருட்டிய பிறகு கூரைக்கடியிலேயே வந்து பட்டையைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் டேனரியில் வேலை செய்கிறார். இப்போது இங்கே பெரும்பாலும் குரோம் என்னும் ரசாயனம் போட்டுத்தான் தோலைப் பதப்படுத்துகிறார்கள். அவர் இருக்கும் இடத்தில் மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தும் பகுதியும் இருக்கிறது. வாட்டில் என்னும் மரத்தின் பட்டைப் பவுடர், கடுக்காய் இரண்டையும் கரைத்துத் தொட்டியில் விடுவார்கள். அந்தத் துவர்ப்பு ஏறினால்தான் தோல் அழுகாமல் நிற்கும். சாறு எவ்வளவு கெட்டி என்று பார்க்கக் கண்ணாடிக் கருவி உண்டு. இருந்தாலும் அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

அன்று சாயந்திரம் மரத்தையும் அப்படித்தான் பார்த்தார். பட்டையில் ஒரு சில்லு பெயர்த்து மென்றார். முகத்தைச் சுளிக்கவில்லை.

"துவர்ப்பு கம்மி" என்றார். "நாவல் பட்டைன்னா நாக்கு இழுக்கணும். இது சோப்புத் தண்ணி குடிச்சு வளந்த மரம், சொரணையே இல்ல. அதான் புழு தைரியமா தின்னுது."

"இப்ப இன்னா பண்றது?" என்றேன்.

"துவர்ப்பை ஏத்திட வேண்டியதுதான். தோலு ஏன் அழுவல? பூச்சி ஏன் வெக்கல? பட்டைச் சாறு குடிச்சதால. மரத்துக்கும் குடுத்தா எந்தப் புழுவும் வாய் வெக்காது."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும். தோலைப் பற்றித்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும், மரத்தைப் பற்றி இல்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்து லுங்கிக்கு மாறி, வேலையை ஆரம்பித்தார். மேஸ்திரியைக் கேட்டு, மூட்டை உதறியதில் விழுந்த வாட்டில் பவுடரைக் கொண்டுவந்திருந்தார். கடுக்காய்த் தூளும் கொஞ்சம். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள வளைந்த கத்தி ஒன்று வீட்டில் இருந்தது. முன்பு கையால் தோல் சுரண்டிய காலத்தில் வைத்திருந்தது. அதைத் தீட்டினார்.

பெரியம்மா ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா, மரத்தையே பதம் போடப் போறியா? முடிச்சிட்டுச் சொல்லு, செருப்பு தெச்சுடலாம்."

"மொத ஜோடி உனக்குத்தான் பெரியம்மா."

"என் காலு சைஸு உனக்குத் தெரியாது. மரம் பத்தாது."

தோலில் முடியும் சவ்வும் இருந்தால் சாறு உள்ளே இறங்காது. அதனால் முதலில் சுரண்ட வேண்டும். அது அவர் கைக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்று, மேலிருந்து கீழே கத்தியை இழுத்தார். புழுவின் கூரை முதலில் போனது. சொரசொரப்பான மேல்பட்டை போனது. அதற்கடியில் இருந்த ஈரமான பச்சையும் போனது. உள்ளே வெள்ளையாக, வழவழப்பாக, உரித்த தோல் மாதிரியே தெரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரத்தைச் சுற்றி முழங்கை நீளத்துக்குச் சுரண்டினார். மதில் சுவர்ப் பக்கம் மட்டும் கத்தி நுழையவில்லை. அங்கே ஒரு கை அகலத்துக்குப் பட்டை அப்படியே நின்றது. "அது பரவால்ல, ஊறிடும்" என்றார்.

பவுடரைக் கூழாகக் கரைத்துப் பூசி, மேலே நனைந்த கோணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார். வாசலில் டேனரி வாசனை வந்தது. எங்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. தினமும் சாயந்திரம் கோணி மேல் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். கோணியின் கீழ் விளிம்பிலிருந்து மறுபடி அந்தப் புழுக்கூரை இறங்கியிருந்தது. இந்தத் தடவை நிறம் வேறு. செக்கச்செவேலென்று வாட்டில் பவுடரின் நிறம். எதிர்வீட்டுக்காரி குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, நம்ம அண்ணன் போட்ட பவுடரையும் சேத்துப் பந்தல் கட்டியிருக்குது."

"வெயிலுக்குக் கோணி, சாப்பாட்டுக்கு ஊறுகா" என்றார் பெரியம்மா. "மாப்பிள்ளை மாதிரி வெச்சிருக்கான் புழுவ."

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. முன்பு காக்கையும் மைனாவும் வந்து அந்த இடத்தைக் கொத்திப் பார்க்கும். கோணி கட்டிய பிறகு அதற்கும் வழியில்லை.

நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் மேலே பார்த்துவிட்டேன். இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. தை மாதத்தில் நாவல் கொஞ்சம் இலை உதிர்ப்பது வழக்கம்தான், பிறகு துளிர்க்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இது கொஞ்சமாக இல்லை. தினமும் காலையில் கூடைக்கூடையாக அள்ளினேன். துளிர் வரவில்லை. நாங்கள் உட்காரும் இடத்தில் சல்லடை மாதிரி வெயில் விழுந்தது. பாயை இந்தப் பக்கம் இழுப்போம், அந்தப் பக்கம் இழுப்போம். மடியில் இருக்கும் தோலில் வெயில் பொட்டு வந்து விழும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது. ஊசி தப்பும்.

ஏஜென்ட் நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். மாசி ஆரம்பத்தில் ஒரு நாள் மொபெட்டை நிறுத்திவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, போன வாரம் இங்கேர்ந்து போன பீஸுல ரிஜெக்ட் ஜாஸ்தி. தையலு கோணல்."

நான் தலையாட்டினேன்.

"உங்களைத் தப்பு சொல்லல. வெயிலு. பின்னாடித் தெருவுல ஒரு வீட்டுல புதுசா ஷெட்டு போட்டிருக்காங்க, ஃபேனு இருக்குது. பங்குனி பொறந்தா மூட்டைய அங்க எறக்கிடலாம்னு பாக்கறேன். நீங்களும் அங்க வந்துடுங்க. எல்லாம் தெரிஞ்சவங்கதான்."

வந்துவிடுங்கள் என்று சொல்வது அவருக்குச் சுலபம். அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய், தள்ளி உட்காருங்கள் என்று சொல்லி, ஒரு இடம் பிடிப்பது எனக்கு ஆகாத காரியம். பெரியம்மா எங்கே வேண்டுமானாலும் உட்காருவார். எதிர்வீட்டுக்காரியும் போய்விடுவாள். நான் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். போகாமல் வீட்டுக்குள் சும்மா இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன். தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்புகிறவள், மரத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை; அதைச் சுரண்டிய அன்று அவள் கல்லூரி முகாமில் இருந்தாள். அவள் தன் அப்பாவைக் கேட்டாள்.

"நைனா, நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்குதே, அது இன்னா?"

"துவர்ப்பு."

"அந்தத் துவர்ப்பு நாக்குல இன்னா பண்ணுது?"

"இன்னா பண்ணும், இழுக்கும்."

"எச்சில்ல ஒரு வழவழப்பு இருக்குதுல்ல, அதைப் புடிச்சு இறுக்கிடும். அதான் வறண்ட மாதிரி ஆவுது. டேனரியில தோலைப் புடிச்சு இறுக்குதே, அதே வேலை."

"அப்ப நாவப்பழம் தின்னா நாக்கு தோலாவுது."

"கொஞ்சமா. புழு பட்டையத் தின்னா அதோட வயித்துக்குள்ளயும் அதான் நடக்கணும். தின்னதுல இருக்கற சத்து, அதை செமிக்க வெக்கிற சாறு, எல்லாத்தையும் துவர்ப்பு புடிச்சுக்கும். வயிறு ரொம்பும், ஆனா ஒடம்புல ஒட்டாது. மரத்தால ஓட முடியாது, அடிக்க முடியாது. அதால இதைச் செஞ்சு பட்டையில வெச்சுக்குது."

"நான் சொன்னதுதானே அது" என்றார் அவர், என்னைப் பார்த்து.

"பொறு நைனா. அப்படித் தின்ன புழுவுங்க நிறைய செத்திருக்கும். எதுக்கோ ஒண்ணுக்கு வயிறு கொஞ்சம் வேற மாதிரி இருந்திருக்கும். அது பொழைச்சு, அந்துப்பூச்சியாகி முட்டை வெக்கும். அதோட குஞ்சுங்களுக்கும் அதே வயிறு. அதுலயும் நல்லா தாங்கறது பொழைக்கும். இப்படியே எவ்ளோ தலைமுறைன்னு யாருக்குத் தெரியும். இப்போ இலை, பட்டை தின்ற நிறைய புழுவுக்குக் குடல் சாறு சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கும். அதுல துவர்ப்பு எதையும் புடிக்க முடியாது."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், "சுண்ணாம்பா?" என்றார்.

"அது மாதிரி."

அவர் என் பக்கம் திரும்பினார். மகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, என்னிடம்தான் சொன்னார். "முடி எடுக்கறதுக்குத் தோலைச் சுண்ணாம்புக் குழியில போடறோம்ல. அப்புறம் அதை நல்லா கழுவி எடுக்காம பட்டைத் தொட்டியில வுட்டா சாறு புடிக்காது. எவ்ளோ பவுடரு கொட்டினாலும் புடிக்காது. அதுக்குன்னே தனியா ஒரு நாள் கழுவறோம்." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப அதோட வயித்துல ஒரு சுண்ணாம்புக் குழி இருக்குது" என்றார்.

"அப்படியே வெச்சுக்கோ. இந்தப் புழுவுக்கும் அப்படித்தானான்னு எனக்கு உறுதியாத் தெரியாது நைனா. பொதுவா புழுங்களுக்குச் சொல்றேன். மேடத்தைக் கேக்கறேன்."

நான் கேட்டேன், "மரம் சும்மா வுட்டுடுமா?"

"வுடாதும்மா. கடிச்ச எடத்துல ஜாஸ்தியா சுரக்கும். வேற சாறு ஏதாவது செஞ்சு பாக்கும். புழு அதுக்கும் பழகும்."

"கடைசியில எது ஜெயிக்கும்?"

"ரெண்டும் இன்னும் இருக்குதுல்ல" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் வெளியே போய்க் கோணியை அவிழ்த்தாள். மரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"நைனா, இங்க வா. இது யாரு செஞ்சது?"

"நான்தான். சாறு உள்ள எறங்கட்டும்னு சொரண்டினேன்."

"புழு தின்னது ரெண்டு வெரலு அகலம். நீ மரத்தைச் சுத்தித் தின்னிருக்கே."

இலையில் செய்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும் என்றாள். அந்தப் பட்டையைச் சுற்றிலும் எடுத்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும், பிறகு மேலேயும் காயும். தோல் செத்த மாட்டிலிருந்து வருவது, எவ்வளவு சுரண்டினாலும் ஒன்றும் ஆகாது. மரம் உயிரோடு இருந்தது. அதை அவரும் நினைக்கவில்லை, தண்ணீர் கொடுத்த நானும் நினைக்கவில்லை. மதில் பக்கம் கத்தி நுழையாமல் நின்ற அந்தக் கை அகலப் பட்டையை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "இது ஒண்ணுதான் இருக்குது" என்றாள். அவர் உள்ளே போனார். கத்தியைக் கழுவித் துடைத்துப் பரண் மேல் போட்டார்.

மறு வாரம் மகள் தன் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். பழத்தோட்டங்களில் செய்வதுதானாம். கூரையை நீக்கி, ஓட்டைக்குள் கம்பி விட்டுக் குத்த வேண்டும். பெட்ரோலில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, களிமண்ணால் அடைக்க வேண்டும். சுரண்டின இடத்தில் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூச வேண்டும். வேறு பெரிய மருந்து இல்லை. இதற்குள் ஓட்டை நான்கைந்து ஆகியிருந்தது. குடைக் கம்பி ஒன்றை நேராக்கி என் வீட்டுக்காரர் குத்தினார். முதல் ஓட்டையில் ஒன்றும் வரவில்லை. கிளைப் பக்கத்து ஓட்டையில் கம்பியோடு ஒன்று வந்தது. அழுக்குப் பழுப்பு நிறம், சுண்டுவிரல் நீளம், தலை மட்டும் கெட்டி. நான் அதைத் தோல் துண்டு ஒன்றின் மேல் வைத்தேன். பெரியம்மா குனிந்து பார்த்தார்.

"இவ்ளோண்டு இருந்துக்கிட்டா டேனரிக்காரனை ஏமாத்துச்சு."

"அது டேனரிக்கு ஓனரு பெரியம்மா" என்றார் என் வீட்டுக்காரர். மரத்தைச் சுரண்டிய பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

மீதி இருந்த ஓட்டைகளை அடைத்தோம். உள்ளே இருந்தவை செத்தனவா, இல்லை ஏற்கெனவே போய்விட்டனவா என்று தெரியாது. புதிதாகக் கூரை எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மரம் துளிர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் நான் மற்றச் செடிகளையும் பார்க்க ஆரம்பித்தேன். தையல் இல்லாத நேரம் அதிகம் இருந்தது. வெயில் ஏறிவிட்டால் அவர்கள் இருவரும் எழுந்து போய்விடுவார்கள். கால்வாய் ஓரம் எருக்கஞ்செடி இருக்கிறது. அதன் பாலைத் தொட்டுக் கண்ணில் வைத்தால் கண் போய்விடும் என்று எங்கள் வீட்டில் பயமுறுத்துவார்கள். ஆடு மாடுகூட வாய் வைக்காது. அதில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கோடு போட்ட ஒரு புழு இருந்தது. அது இலையை உடனே தின்பதில்லை. முதலில் நரம்பைக் கடித்துவிட்டது. பால் அந்த இடத்தில் சொட்டி நின்றது. கொஞ்சம் பொறுத்து, பால் வராத பக்கத்தை ஓரத்திலிருந்து தின்றது. எருக்கின் நஞ்சை அது உடம்பிலேயே வைத்துக்கொள்ளும், அதனால் பறவை அதைத் தின்னாது என்று மகள் சொன்னாள். பக்கத்திலேயே வேறொரு இலையின் அடியில் மஞ்சளாக அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. அதற்கு அந்தப் பாலே சாப்பாடு மாதிரி இருந்தது.

என் கறிவேப்பிலைச் செடியில் வருஷா வருஷம் ஒரு பச்சைப் புழு வரும். தட்டினால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். அது எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும்தான் வரும், பக்கத்தில் இருக்கும் செம்பருத்திக்கு வராது. ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பூச்சி அண்டாமல் இருக்கத்தான் கறிவேப்பிலைக்கு அந்த வாசனை என்று மகள் சொன்னாள். அந்த வாசனையை வைத்துத்தான் தாய்ப் பட்டாம்பூச்சி இந்தச் செடிதான் என்று கண்டுபிடித்து வந்து முட்டை வைக்கிறது. முன்பெல்லாம் பார்த்தவுடன் அந்தப் புழுவைப் பறித்துக் கால்வாயில் போடுவேன். இந்த வருஷமும் பறித்துப் போட்டேன். ஆனால் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பங்குனி பிறப்பதற்கு நான்கைந்து நாள் முன்னால் மதில் பக்கத்துக் கிளைகளில் துளிர் விட்டது. செம்பு நிறத்தில், எண்ணெய் தடவின மாதிரி. தெருப் பக்கத்துக் கிளைகளில் ஒன்றும் இல்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. என் வீட்டுக்காரர் அரிவாளால் அந்தக் கிளைகளை வெட்டினார். இப்போது எங்கள் மரம் பாதி மரம். நேராக எதிரே நின்று பார்த்தால், சுவரில் சாய்ந்து நிற்கும் ஆள் மாதிரி இருக்கும். நிழல் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் நிற்பதில்லை. காலையில் வீட்டு வாசலில், மத்தியானம் மதில் ஓரத்தில், பிறகு சந்தில் போய்விடும். இந்த வருஷம் பூ இல்லை. ஆனியில் அந்துப்பூச்சிகள் திரும்ப வரும், முட்டை வைக்கும், எனவே ஐப்பசியிலேயே கம்பி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

பங்குனி முதல் தேதி சாயந்திரம் ஏஜென்ட் தைத்ததை எடுத்துக்கொள்ள வந்தார். மூட்டையை மொபெட்டில் கட்டிவிட்டு, "நாளையிலேர்ந்து பின்னாடித் தெருவு, சரியாக்கா?" என்றார்.

அவர் இப்படிக் கேட்பார் என்று தெரியும். அன்று காலையிலிருந்து நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தைத்தேன். இருந்தாலும் அவர் கேட்டதும் எல்லாம் கலைந்துவிட்டது. எழுந்து நின்றேன். மடியில் இருந்த நூலெல்லாம் கீழே கொட்டியது.

"இங்கயே எறக்குங்க" என்றேன்.

"வெயிலுக்கா."

"காலையில வாசல்ல நிழலு இருக்குது. மத்தியானம் செவுத்தோரம். நாங்க நகந்து நகந்து உக்காந்துக்கறோம். தையலு கோணலா வந்தா நானே பிரிச்சுத் தெச்சுத் தரேன். இவங்க தெச்சதையும் நானே பாத்து அனுப்பறேன். ஷெட்டுக்கு நான் வர மாட்டேன். எனக்கு வராது."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஏஜென்ட் பெரியம்மாவைப் பார்த்தார்.

"இந்த அக்கா இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல."

"நாங்க மட்டும் கேட்டமா" என்றார் பெரியம்மா. "இவளைப் பேச வெக்க ஒரு மரத்தையே சொரண்ட வேண்டியிருக்குது."

எதிர்வீட்டுக்காரி, "அண்ணே, அங்க ஃபேனு இருக்குது, சரி. கரண்டு போனா இன்னா பண்ணுவாங்க? எங்க மரத்துக்குக் கரண்டு வேணாம்" என்றாள். அவளும் இங்கேயே இருக்க நினைக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏஜென்ட் மரத்தை மேலே பார்த்தார். துளிரைப் பார்த்தாரா, வெட்டின இடத்தைப் பார்த்தாரா தெரியவில்லை. "ஷெட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டேன்க்கா. பாக்கறேன்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

நான் உட்கார்ந்து நூலைப் பொறுக்கினேன். பெரியம்மாவும் இரண்டு நூலைப் பொறுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஏஜென்ட் மூட்டையைப் பிரித்து, பாதியை எங்கள் வாசலில் இறக்கினார். மீதியைப் பின் தெருவுக்குக் கொண்டுபோனார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். மத்தியானம் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுத் தைத்தோம்.